லீலாவுக்கும் நீலாவுக்கும் திறந்த பூட்டு

கஸ்தூரிக்கும் மூர்த்திக்கும் நடுவில் ஒரு இரும்புப் பீரோ நின்றது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிற சாலையில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்த ஹாலை 2003 கடைசியில் இரண்டாகப் பிரித்தது அந்தப் பீரோதான். ஜன்னல் பக்கம் கஸ்தூரி, படிக்கட்டுப் பக்கம் மூர்த்தி. இருவரும் சேர்ந்து ஆரம்பித்த சாஃப்ட்வேர் கம்பெனி அது. வாடகைப் பத்திரமும் டெலிபோனும் இருவர் பேரிலும் இருந்தன. கல்யாணம் முறிந்து விவாகரத்து மனு கோர்ட்டில் கிடந்தது. ஆனால் 'நீ காலி பண்ணு' என்று இவளும், 'முடிஞ்சா நீ பண்ணு' என்று அவனும் முறைத்துக்கொண்டு நின்றதில், கடைசியில் ஒருவரும் காலி பண்ணவில்லை.

நேருக்கு நேர் பேச்சு கிடையாது. டைப் அடிக்கவும் போன் எடுக்கவும் வேலைக்கு இருந்த உண்ணாமலைதான் பீரோவைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

"அக்கா, சர்வர் பாஸ்வேர்டு மாத்துனது நீங்களானு சார் கேக்கறாரு."

"ஆமாம்னு சொல்லு. புதுசு என்னானு கேட்டா, மூளை இருந்தா கண்டுபிடிச்சிக்கச் சொல்லு."

உண்ணாமலை முதல் பாதியை மட்டும் போய்ச் சொல்வாள். இரண்டாவது பாதி பீரோவுக்கு மேலாக ஏற்கெனவே அவன் காதில் விழுந்திருக்கும்.

கஸ்தூரி கீழ்பென்னாத்தூர்க்காரி. மல்லாட்டை என்று அங்கே சொல்கிற வேர்க்கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். பள்ளிக்கூடத்திலிருந்தே அவளுக்கு வாய் ஜாஸ்தி, பொறுமை கம்மி. வேலூரில் எம்.சி.ஏ. படிக்கும்போது லேபில் அவள் எழுதிய புரோகிராமில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டியவன் மூர்த்தி. அவள் அவனோடு சாயங்காலம் வரைக்கும் சண்டை போட்டாள். அந்தச் சண்டை பிடித்துப்போய்த்தான் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதே சண்டைதான் பிறகு பிடிக்காமல் போனது. அவள் எழுதி வைத்ததை அவள் இல்லாத நேரத்தில் திருத்தி வைப்பான். திருத்தியதைத் தன் அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பான். ஒருநாள் சோற்றுத் தட்டை அவன்மேல் வீசிவிட்டு அவள் வேங்கிக்காலிலேயே ஒரு வாடகை வீடு பார்த்துப் போய்விட்டாள். தட்டு வீசியதைப் பற்றி ஒரு நாளும் அவள் வருத்தப்பட்டதில்லை. குறி தவறியதைப் பற்றி வருத்தப்பட்டிருக்கிறாள்.

அவர்களுக்கு இருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் அப்பாதுரை. சின்னக்கடைத் தெருவில் திருமணத் தகவல் நிலையம் வைத்திருந்தார். ஊரில் முதன்முதலாகத் தமிழிலேயே வெப்சைட் வேண்டும் என்று கேட்டவர் அவர்தான். சுற்றுவட்டாரத்துக் குடும்பங்கள் பெண்ணின் போட்டோ, ஜாதகம், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் அதில் ஏற்றியிருந்தன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், ஒரு பாஸ்வேர்டு. இங்கிலீஷ் தெரியாதவர்கள் என்பதால் பாஸ்வேர்டையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். முக்கால்வாசிப் பேர் வீட்டுப் பெண்ணின் பேரையே வைத்தார்கள்.

2004 ஆகஸ்டில் எங்கேயோ ஒரு மாநாட்டில், எம்.டி.5 என்ற சுருக்கக் கணக்கைச் சீன ஆராய்ச்சியாளர்கள் உடைத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்பாதுரை அதைப் பேப்பரில் அரைகுறையாகப் படித்துவிட்டுப் படியேறி வந்தார்.

"ஏம்மா கஸ்தூரி, நம்ம சைட்டுக்குப் போட்டிருக்கிற பூட்டைத்தான் ஒடச்சிட்டாங்களாமே?"

கஸ்தூரி அவருக்குப் பொறுமையாகவே சொன்னாள். "பாஸ்வேர்டை நாங்க அப்பிடியே எழுதி வெக்கறதில்லீங்க. அதை ஒரு கணக்குல போட்டு அரைச்சி, வர்ற சக்கையைத்தான் வெக்கறோம். நீங்க மறுபடி பாஸ்வேர்டு அடிச்சா, அதையும் அரைச்சிப் பாத்து, ரெண்டு சக்கையும் ஒண்ணா இருந்தா கதவைத் தொறக்கறோம். செக்குல ஆட்டுன பிண்ணாக்கிலேர்ந்து மல்லாட்டைய திருப்பி எடுக்க முடியுமா? அந்த மாதிரி. இப்ப என்னா பிரச்சினைனா, வேற வேற மல்லாட்டையைப் போட்டு ஒரே பிண்ணாக்கு வர வெச்சிட்டாங்க."

"அப்ப வேற செக்கு போடு."

வேற செக்கு இருந்தது. அதன் பேர் ஷா-256. கணக்கு முழுக்க எல்லாரும் படிக்கும்படி வெளியிடப்பட்டிருந்தது. ஆனால் சைட்டை எழுதியிருந்த பிஹெச்பி மொழியில் அது அப்போது கிடையாது. கஸ்தூரி முதலில் அந்த மொழியிலேயே கணக்கை எழுதிப் பார்த்தாள். எண்கள் இருநூறு கோடியைத் தாண்டியதும் அந்த மொழி அவற்றைத் தசம எண்ணாக மாற்றிக் கடைசி இலக்கங்களைத் தின்றுவிட்டது. ஒட்டுப்போட்டுச் சரிசெய்தால் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. சி மொழியில் எழுதி, பிஹெச்பிக்குள் ஒரு புது உறுப்பாக ஒட்டவைப்பதுதான் வழி என்று முடிவு செய்தாள்.

பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக நேராகவே குரல் வந்தது. "பூட்டெல்லாம் சொந்தமா செய்யக் கூடாது. தெரிஞ்சவன் எழுதுனது ஏதாவது இருக்கும், தேடிப் போடணும்."

"உண்ணாமலை, நான் பூட்டைக் கண்டுபிடிக்கல, அவங்க குடுத்த அளவுக்கு அறுத்து மாட்டறேன்னு உங்க சார்கிட்ட சொல்லு."

"அறுக்கறப்ப கை போவும்னு உங்க அக்காகிட்ட சொல்லு."

உண்ணாமலை இருவரிடமும் எதுவும் சொல்லாமல் டீ வாங்கிவரக் கீழே போய்விட்டாள்.

எழுதும்போது கஸ்தூரி வேறு மனுஷியாக இருந்தாள். கோர்ட் வாய்தா, வாடகை வீட்டுக்காரியின் குத்தல் பேச்சு, கீழ்பென்னாத்தூரிலிருந்து அண்ணன் போன் போட்டுத் திட்டுவது, இதெல்லாம் அந்த வேலைக்குள் நுழைய முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் கம்ப்யூட்டர் பைட்டு என்கிற சின்னச் சின்ன எண்களாக வைத்திருக்கும்; அவற்றை நான்கு நான்காகக் கோத்து ஒரு எண்ணாக்க வேண்டும். அந்த எண்களைச் சுழற்றி, கூட்டி, கலைத்து, அறுபத்து நான்கு சுற்று ஓட்ட வேண்டும். பிஹெச்பி கொடுக்கும் எழுத்துச் சரத்தை வாங்கி, விடையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முடித்ததும், வெளியிட்டவர்களே கொடுத்திருந்த மாதிரிகளை ஓட்டிப் பார்த்தாள். 'ஏபிசி' என்று கொடுத்தால் வரவேண்டிய விடை வந்தது. நீளமான ஆங்கில வாக்கியத்துக்கும் வந்தது. பத்து லட்சம் 'ஏ' கொடுத்தபோதும் ஒரு எழுத்துப் பிசகவில்லை. கடைசியாகத் தன் பேரைத் தமிழில் அடித்தாள். ஏதோ ஒரு விடை வந்தது. அது சரியா தப்பா என்று ஒத்துப்பார்க்க அவளிடம் எதுவும் இல்லை. நீளம் சரியாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

2005 பொங்கல் கழிந்து புது உறுப்பு சர்வரில் ஏறியது. எல்லாக் குடும்பத்தையும் புது பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி அப்பாதுரை ஆள் விட்டுச் சொன்னார். "வேகமா இருக்குதும்மா," என்றார் கஸ்தூரியிடம். பீரோவுக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி அதை அவள் இன்னொரு தடவை சொல்ல வைத்தாள்.

சித்திரையில் சுப்பன் என்ற விவசாயி அப்பாதுரையின் நிலையத்துக்கு வந்திருந்தார். மகள் லீலாவுக்கு வரன் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அப்பாதுரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாஸ்வேர்டு கேட்டார். சுப்பன் சொன்னார். தெருவில் ஏதோ ஊர்வலத்து மேளம். அப்பாதுரை காதில் விழுந்தது 'நீலா'. அதையே அடித்தார். பக்கம் திறந்தது. திரையில் அடித்த எழுத்து தெரியும்படி அவர் வைத்திருந்ததால், பக்கத்தில் நின்ற சுப்பனுக்கும் அது தெரிந்தது.

"நான் சொன்னது லீலாங்க. நீங்க நீலானு அடிச்சிருக்கீங்க. எப்பிடித் தொறந்துச்சு?" கேட்கும்போதே சுப்பன் முகம் மாறிவிட்டது. "அப்பிடினா எவன் வேணும்னாலும் எதை வேணும்னாலும் அடிச்சி எம் பொண்ணு போட்டோவைப் பாப்பானா?"

அப்பாதுரை உடனே வேங்கிக்காலுக்கு போன் போட்டார். எடுத்தவன் மூர்த்தி.

மூர்த்தி அவரைச் சமாதானப்படுத்தி, ஒரு வாரம் டைம் கேட்டு, போனை வைத்தான். அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. பீரோவுக்கு அந்தப் பக்கத்தில் அவன் அமைதியாக உட்கார்ந்து என்னவோ செய்துகொண்டிருந்தான். அவன் சத்தம் போடாமல் இருப்பதே கஸ்தூரிக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு ஒருநாள் காலை, முக்கியமான கூட்டம் என்று அப்பாதுரை இருவரையும் கூப்பிட்டுவிட்டார். கஸ்தூரி போனபோது சுப்பனோடு இன்னும் நாலைந்து குடும்பத்து ஆண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மூர்த்தி கம்ப்யூட்டர் பக்கத்தில் வாத்தியார் மாதிரி நின்றான்.

"இது அம்மணி எழுதுன பூட்டு," என்றான். "சுப்பன் ஐயா பக்கத்தைத் தொறக்கறேன், பாருங்க."

'நீலா' என்று அடித்தான். திறந்தது. மூடிவிட்டு 'மாலா' என்று அடித்தான். திறந்தது. 'ராதா' என்று அடித்தான். 'ராஜா' என்று அடித்தான். ஒவ்வொரு தடவையும் லீலாவின் போட்டோ திரையில் வந்து நின்றது. யாரோ ஒரு கிழவர், "அட, ஆம்பளைப் பேருக்குக்கூட தொறக்குதேப்பா," என்றார். ஒருவர் சிரித்தார். சுப்பன் சிரித்தவரை முறைத்தார்.

கஸ்தூரி மூர்த்தி பக்கம் திரும்பினாள். "நீ ஏதோ மாத்தியிருக்க," என்றாள். "என் கோடுல கை வெச்சிருக்க."

"உன் கோடுல நான் கை வெக்கல," என்றான் மூர்த்தி. "வெக்க வேண்டிய அவசியமே இல்ல."

"படிச்ச பொம்பளைனு நம்பிப் போட்டோ குடுத்தோம்," என்றார் சுப்பன். அவர் அவளைப் பார்த்துப் பேசவில்லை, அப்பாதுரையைப் பார்த்துப் பேசினார். "புருஷனோட குடித்தனம் பண்ணத் தெரியாதவகிட்ட ஊருப் பொண்ணுங்களை ஒப்படைச்சிருக்கீங்க."

அவள் எழுந்து வெளியே வந்து, ஆட்டோ பிடித்து, மாடியேறித் தன் சர்வரைத் திறந்தாள். அவள் எழுதியது எழுதியபடியே இருந்தது. மூர்த்தி தொடவில்லை. அதுதான் முதல் அடி.

'லீலா' என்று கொடுத்து, கணக்கின் ஒவ்வொரு படியையும் அச்சடிக்க வைத்தாள். முதல் படியிலேயே தெரிந்துவிட்டது. சி மொழியில் ஒரு பைட்டைச் சும்மா எழுத்து என்று அறிவித்தால், நூற்று இருபத்தேழு வரைக்கும்தான் அது நேர் எண். அதற்கு மேல் போனால் எதிர்மறை. ஆங்கில எழுத்து ஒன்றுகூட அந்த எல்லையைத் தாண்டாது. தமிழ் எழுத்தின் பைட்டு ஒவ்வொன்றும் தாண்டும். நான்கு பைட்டைக் கோக்கும் வரியில், கடைசியில் வந்த எதிர்மறை பைட்டு தனக்கு முன்னால் நின்ற மூன்றின் மேலும் வெறும் ஒன்றுகளை அப்பி அழித்துவிட்டது. லீலாவின் பன்னிரண்டு பைட்டில் மூன்றுதான் பிழைத்தன. நீலாவிலும் மாலாவிலும் ராஜாவிலும் பிழைத்தவை அதே மூன்று. ஏபிசி சரியாக வந்தது. பத்து லட்சம் 'ஏ' சரியாக வந்தது. அவள் பேர் மட்டும் முதல் நாளே தப்பாக வந்திருக்கிறது. திருத்தம் ஒரே ஒரு சொல். பைட்டு 'கழித்தல் குறியில்லாதது' என்று அந்த வரியில் அறிவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கட்டில் மூர்த்தியின் செருப்புச் சத்தம் கேட்டது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அவள் பீரோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். உண்ணாமலை டைப் அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"எத்தனை நாளா தெரியும் உனக்கு?"

"அப்பாதுரை போன் பண்ணதிலேர்ந்து. பத்து நாள் இருக்கும்."

"பத்து நாளா அத்தனை பொண்ணுங்க போட்டோவும் விலாசமும் தொறந்து கெடந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லல நீ."

"சொன்னா கேட்டிருப்பியா? உண்ணாமலைகிட்ட சொல்லி அனுப்பணுமா?"

"சைட்டை நிறுத்தியிருக்கலாமில்ல? கூட்டம் சேக்கத்தானே காத்துக்கிட்டிருந்த? என்னை நாலு பேரு முன்னாடி நிக்க வெக்கறதுக்கு."

மூர்த்தி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தான், மறுபடி எடுத்தான்.

"தப்பு என்னுது," என்றாள் கஸ்தூரி. "அதை நான் எங்க வேணும்னாலும் சொல்வேன். பத்து நாள் தொறந்து வெச்சது நீ. அதையும் சொல்வேன்."

சொல்லவும் செய்தாள். சைட்டை அப்போதே நிறுத்திவிட்டு, மறுநாள் காலை அப்பாதுரையிடம் போய் இரண்டையும் சொன்னாள். அவர் கையை வீசினார். "உங்க புருஷன் பொண்டாட்டி சண்டைய என் கடையில கொண்டாந்து கொட்டாதீங்க. எப்ப சரியாவும்? அதைச் சொல்லு."

சரிசெய்வது ஒரு சொல். ஆனால் ஏற்கெனவே அரைத்து வைத்ததை என்ன செய்வது? கெட்ட சக்கையிலிருந்து பாஸ்வேர்டைத் திருப்பி எடுக்க வழியில்லை. அப்படி வழியில்லாமல் இருப்பதுதான் அந்தக் கணக்கின் பெருமையே. பழைய கணக்கையும் கொஞ்ச நாள் வைத்திருந்து, ஒவ்வொருவராக உள்ளே வரவர மாற்றிவிடலாம் என்றான் மூர்த்தி. லீலா பக்கத்தை எவனாவது ராஜா என்று அடித்து முதலில் திறந்தால் புதுப் பூட்டு ராஜா பேரில் விழும் என்றாள் கஸ்தூரி. நேரில் போய் ஒவ்வொரு வீட்டிலும் புதுசாக வாங்கி வரவேண்டும். அப்பாதுரை ஆள் தர மறுத்தார். "கெடுத்தவ நீதானே. நீ போ."

போனாள். வைகாசி வெயிலில் பஸ் மாறி பஸ் மாறி, ஊர் ஊராக. பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட, போளூர் ரோட்டிலிருந்து நடந்தாள். வீடுகளில் ஒருவரும் தண்ணீர் கொடுக்கவில்லை. "எங்க பொண்ணு போட்டோ எவன்கிட்ட இருக்குதோ," என்று மண்ணை வாரித் தூற்றாத குறையாகக் கத்தினார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூரில் அவள் சொந்தச் சித்தி கன்னியம்மாள் வாசலிலேயே மறித்தாள். "உன் குடித்தனத்தை ஒடச்சிட்டு, ஊரான் கல்யாணத்துக்கு அலையறியா? சாவி போடறாளாம் சாவி!" கஸ்தூரியும் சும்மா இருக்கவில்லை. "உம் பொண்ணுக்கு ஜாதகம் குடுத்திருக்க இல்ல? புது வார்த்தையைச் சொல்லு, எழுதிக்கிட்டுப் போறேன். மத்ததெல்லாம் அப்புறம் திட்டு." சித்தி திட்டி முடித்து, கடைசியில் வார்த்தையைச் சொன்னாள். அதுவும் ஒரு வசவுதான். கஸ்தூரி அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

சுப்பன் வீட்டில் அவர் இல்லை. லீலாதான் வெளியே வந்தாள். பி.எஸ்.சி. கடைசி வருஷம். கஸ்தூரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதானா அது? உங்களால காலேஜுல என்னைக் கேலி பண்றாங்க. மாலா, நீலா, ராஜானு மாத்தி மாத்திக் கூப்பிடறாங்க."

"புது பாஸ்வேர்டு சொன்னா—"

"எனக்குப் பாஸ்வேர்டே வேணாம். அந்தப் பக்கமே வேணாம். என்னைக் கேட்டா போட்டாங்க? எடுத்துடுங்க."

"வயசு பதினெட்டு ஆயிடுச்சில்ல?"

"இருபது."

"சரி. எடுத்துடறேன்."

அன்று சாயங்காலமே லீலாவின் போட்டோ, ஜாதகம், விலாசம் எல்லாவற்றையும் கஸ்தூரி அழித்தாள். யாரையும் கேட்கவில்லை. மறுவாரம் சுப்பன் சின்னக்கடைத் தெருவில் வந்து நின்று ஊரைக் கூட்டினார். அப்பாதுரை போனில் ஒரே வரிதான் சொன்னார். "இனிமே என் சைட்டை மூர்த்தி பாத்துப்பான். நீ தொடக் கூடாது." லீலா நன்றி எதுவும் சொல்லி அனுப்பவில்லை. கஸ்தூரியும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தபோது, லீலா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

2006-இல் விவாகரத்து ஆனது. அப்பாதுரையின் வேலையோடு மூர்த்தி டவுனுக்குள் வேறு இடம் பார்த்துப் போனான். போகிற அன்று உண்ணாமலையைத் தன்னோடு வரச் சொன்னான். "சார், இங்க ஒருத்தர் கத்துறதைக் கேட்டா போதும். அங்க வந்தா உங்க அம்மாவும் கத்துவாங்க," என்று அவள் நின்றுவிட்டாள். கஸ்தூரி பழைய உறுப்பைத் திருத்தி, மாலா, நீலா, லீலா, ராஜா நான்கையும் சோதனை மாதிரிகளாகச் சேர்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் போட்டாள். கோயமுத்தூரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் யாரோ சிலர் எடுத்தார்கள். அவளுக்குச் சில்லறை வேலைகள் வந்தன. லாட்ஜ்காரர்கள், ஒரு பாத்திரக்கடை, ஒரு நர்சரி பள்ளிக்கூடம். அதில் பாதிப் பேரோடு சண்டை போட்டாள், மீதிப் பேரோடு காலம் தள்ளினாள்.

அந்த உறுப்பை மூர்த்தியும் எடுத்துப் போட்டிருந்தான். அது அவனிடமிருந்து வந்த முதல் பிழை அறிக்கையில்தான் அவளுக்குத் தெரிந்தது. 'அறுபத்து நான்கு பிட் கம்ப்யூட்டரில் விடை தப்பு. எண் வகையின் அகலத்தை நீ ஊகித்திருக்கிறாய்.' ஐயாவும் இல்லை அம்மாவும் இல்லை, கையெழுத்துகூட இல்லை. கஸ்தூரி கத்திவிட்டு ஓட்டிப் பார்த்தாள். அவன் சொன்னது சரி. திருத்திவிட்டு, 'சரிசெய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினாள். இன்னொன்று வந்தது, எடுத்த நினைவகத்தை அவளுடைய உறுப்பு திருப்பிக் கொடுக்காமல் கசியவிடுவது பற்றி. அதுவும் சரி. ஒவ்வொன்றும் வரும்போது கத்துவாள். ஒவ்வொன்றையும் அன்றைக்கே திருத்திவிடுவாள்.

2008 ஆவணியில் ஒரு காலை வந்த அறிக்கை வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. ஒரே தமிழ் வாசகத்தைக் கொடுத்தால் அவளுடைய உறுப்பு ஒரு விடையும், வேறொரு கருவி வேறொரு விடையும் தருவதாகவும், இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இது வெட்கக்கேடு என்றும் மூர்த்தி எழுதியிருந்தான். இரண்டுக்கும் கொடுத்த இரண்டு கோப்புகளையும் இணைத்திருந்தான். கஸ்தூரி அவற்றைத் திறந்து பைட்டு பைட்டாகப் பார்த்தாள். ஒன்று யூனிகோடு என்ற புது எழுத்துமுறையில் இருந்தது. இன்னொன்றை அவன் கவனிக்காமல் பழைய டிஸ்கி முறையில் சேமித்திருந்தான். பார்க்க ஒரே தமிழ், உள்ளே வேற வேற பைட்டு. இரண்டு கருவியும் சரியாகத்தான் சொல்லியிருந்தன.

அவள் இன்னொரு தடவை சரிபார்த்தாள். பிறகு இன்னொரு தடவை.

"உண்ணாமலை! இங்க வா. இதைப் படி."

உண்ணாமலை வந்து திரையில் குனிந்தாள். "எனக்கு ஒண்ணும் புரியலையேக்கா. என்னா எழுதியிருக்காரு சார்?"

"தப்பா எழுதியிருக்கான்டி," என்றாள் கஸ்தூரி. "மூர்த்தி தப்பா எழுதியிருக்கான்."

அவள் இப்படிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து உண்ணாமலை பார்த்ததே இல்லை. கஸ்தூரி பதில் எழுத உட்கார்ந்தாள். முதலில் ஒரு பக்கத்துக்கு எழுதினாள். அழித்தாள். அரைப் பக்கம் எழுதினாள். அதையும் அழித்தாள். கடைசியில், 'உன் இரண்டாவது கோப்பு யூனிகோடு இல்லை. அடுத்த தடவை பார்த்துவிட்டு அனுப்பு' என்று எழுதி, எல்லாரும் படிக்கும்படி பொதுப் பக்கத்தில் போட்டாள். அப்புறம் உண்ணாமலையை அனுப்பி, சூடாக மிளகாய் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னாள்.